ஆண் பியூட்டி அட்வைசர் வேலை என்று 18,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: மால் கவுண்டர் வேலை தேடும் பையன்கள் கவனத்துக்கு

மாலில் இருக்கும் காஸ்மெட்டிக்ஸ் கவுண்டரில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி, வடபழனி பக்கம் ஒரு மாடியில் நடக்கும் பிளேஸ்மென்ட் கன்சல்டன்சி என்னிடம் 18,500 ரூபாய் வாங்கியது. இப்போது போனை எடுப்பதில்லை. பெயரைப் போடவில்லை. போட்டால் பதிவையே தூக்க வைப்பார்கள், புகாருக்கும் இடைஞ்சல் என்று சட்டம் படிக்கும் நண்பன் சொல்லிவிட்டான். சரி, பெயர் வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எனக்கு ஊர் திண்டிவனம் பக்கம். பி.காம். படிக்கும்போதே கல்யாண மேக்கப் செய்யும் அக்கா ஒருவரிடம் உதவிக்குப் போய்க்கொண்டிருந்தேன். விடியற்காலை முகூர்த்தம் என்றால் நள்ளிரவிலேயே மண்டபத்துக்குப் போய்விட வேண்டும். பெண்ணுக்குத் தாடையோரம் ஷேடு வைத்துப் பார்ப்பது, மண்டபத்து மஞ்சள் லைட்டை நம்பாமல் வாசலுக்குக் கூட்டிப்போய் வெளிச்சத்தில் பார்ப்பது, ஹோமப் புகையிலும் வியர்வையிலும் ஃபவுண்டேஷன் கறுத்துப் போகாமல் இருக்க என்ன போட வேண்டும் என்பதெல்லாம் அங்கே கற்றதுதான். ஒரு முகூர்த்தத்துக்கு 800 ரூபாய் கிடைக்கும். போன 18,500 ரூபாய் எத்தனை தூக்கம் கெட்ட ராத்திரி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கவுண்டர் வேலைக்குப் போக வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. மாதச் சம்பளம், இ.எஸ்.ஐ., பி.எஃப்., ஏ.சி. எல்லாம் உண்டு. அதைவிட, தொழிலை முறையாகக் கற்கலாம். ஆனால் சென்னையில் கடை கடையாக ஏறி இறங்கியபோது கிடைத்த பதில் ஒன்றுதான்: "லேடீஸ் மட்டும்தான் எடுக்குறோம் தம்பி." ஒரு கடையில் நான் மேக்கப் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கே, தங்கச்சி செஞ்சதா?" என்று கேட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் இன்ஸ்டாகிராமில் அந்த விளம்பரம் வந்தது. 'வெளிநாட்டு பிராண்ட் கவுண்டர்களுக்கு ஆண் பியூட்டி அட்வைசர்கள் தேவை. 22,000 சம்பளம், இன்சென்டிவ் தனி.' கூப்பிட்டால் ஒரு மேடம் பேசினார். ரொம்பப் பக்குவமான பேச்சு. என் படங்களை அனுப்பச் சொன்னார். அனுப்பியதும் எடுத்தவுடன் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. "அந்த மூணாவது பொண்ணுக்கு ஐலைனர் இழுத்தது யாரு, நீங்களா? கை ஆடவே இல்லையே" என்றார். எங்கள் தெருவில், "ஆம்பளப் பையன் பொம்பளைங்க மூஞ்சியில கை வைக்கிற வேலையா பாக்குறான்" என்று பேச்சு வாங்கியவனிடம் இப்படி ஒருத்தர் பேசினால் எப்படி இருக்கும்? ஆண் என்பதால் எங்கெல்லாம் கதவைச் சாத்தினார்களோ, அந்த இடத்தைத்தான் இவர் குறி வைத்து அடித்தார். "வெளிநாட்டுல பாதி மேக்கப் ஆர்ட்டிஸ்ட் ஆம்பளைங்கதான் தம்பி. இங்கதான் புரியல" என்றார். பாதியோ இல்லையோ, அங்கே ஆண்களும் இந்த வேலையில் இருப்பது உண்மைதான், அதனால்தான் எரிகிறது.

அலுவலகத்துக்குப் போனபோதும் பணம் வாங்கவில்லை. "முதல்ல இடத்தைப் பாருங்க, பிடிச்சா மட்டும் பேசலாம்" என்று ஆட்டோவில் ஒரு பெரிய மாலுக்குக் கூட்டிப்போனார். ஆட்டோ காசும் அவரே கொடுத்தார். கீழ்த்தளத்தில் வரிசையாகக் கவுண்டர்கள். அதில் ஒன்றில் கறுப்புச் சட்டை போட்ட ஒரு பையன், என் வயதுதான் இருக்கும், ஒரு அம்மாவுக்கு லிப்ஸ்டிக் காட்டிக்கொண்டிருந்தான். டெஸ்டரை (வாங்குபவர்கள் போட்டுப் பார்க்க வைத்திருக்கும் லிப்ஸ்டிக்கை) நேராக உதட்டில் வைக்காமல், மேல் பகுதியைத் துடைத்து, ஸ்பிரே அடித்து, ஸ்பாட்டுலாவில் கொஞ்சம் சுரண்டி, பஞ்சுக் குச்சியால் எடுத்துப் போட்டான். பார்த்துக்கொண்டே நின்றேன். மேடம் தூரத்திலிருந்து கையசைத்தார். அவனும் சிரித்துக்கொண்டே கையசைத்தான். "நம்ம கேண்டிடேட்தான். போன பேட்ச்" என்றார். கிட்டே போய்ப் பேசலாமா என்று கேட்டதற்கு, "டியூட்டி நேரம், சூப்பர்வைசர் திட்டுவாங்க" என்றார். அந்தக் கையசைப்பை நம்பித்தான் பணம் கொடுத்தேன்.

பணம் மொத்தமாகப் போகவில்லை, பிரித்துப் பிரித்துப் போனது. பதிவுக் கட்டணம் 1,500. 'கவுண்டர் கிரூமிங் பயிற்சி' 9,000. யூனிஃபார்ம், கிட் சேர்த்து 5,000. கடைசியாக ஆஃபர் லெட்டர் வந்த பிறகு 'பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்' என்று 3,000. எல்லாம் யூபிஐ. ஒவ்வொரு முறையும் வேறு வேறு தனிநபர் பெயருக்கு. "கம்பெனி அக்கவுண்ட் லிமிட் முடிஞ்சிருச்சு தம்பி, ஆடிட்டருக்குப் போடுங்க" என்பார். மொத்தம் 18,500.

பயிற்சி என்பது ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு அறையில் ப்ரொஜெக்டரில் படம் ஓட்டியது. வார்ம், கூல், நியூட்ரல் என்று அண்டர்டோன் (தோலின் அடி நிறச் சாயல்) சொல்லிக்கொடுத்தவருக்கு மாநிற முகத்தில் எது எப்படி உட்காரும் என்று தெரியவில்லை. கேள்வி கேட்டால், "அதெல்லாம் ஃப்ளோர்ல கத்துக்குவீங்க." கூட உட்கார்ந்திருந்தவர்களில் என்னைத் தவிர இன்னும் சில பையன்கள் இருந்தார்கள். ஒருத்தன் மார்த்தாண்டத்திலிருந்து வந்து தங்கியிருந்தான். கிட்டைத் திறந்தால் முடி உதிரும் பிரஷ், ஒரு பேலட், இரண்டு லிப்ஸ்டிக். லிப்ஸ்டிக்கில் பேட்ச் நம்பர் இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை, காலாவதித் தேதி இல்லை. இறக்குமதி செய்த காஸ்மெட்டிக்ஸ் என்றால் பதிவு எண் போட்டிருக்க வேண்டும், அதுவும் இல்லை. சந்தையில் கூறு கட்டி விற்பதுபோல அள்ளிப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இதற்கு 5,000 ரூபாய்.

ஆஃபர் லெட்டர் பிடிஎஃப்பாக வந்தது, ஜிமெயில் முகவரியிலிருந்து. சேரும் தேதி போட்டிருந்தது. அந்த நாளில் கறுப்புச் சட்டை இஸ்திரி போட்டு, ஷேவ் செய்து, காலையிலேயே மாலுக்குப் போய் நின்றேன். ஊழியர் வாசலில் செக்யூரிட்டி அண்ணன் பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு இல்லை என்றார். கவுண்டர் சூப்பர்வைசர் அக்காவைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் லெட்டரை வாங்கி ஒரே ஒரு நிமிடம் பார்த்தார். "இது எங்க லெட்டர் இல்லப்பா. லோகோவே பழசு" என்றார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அந்த அக்காவுக்கு நன்றி.

அதே கவுண்டரில் அந்தக் கறுப்புச் சட்டைப் பையனும் இருந்தான். மேடத்தைப் பற்றிக் கேட்டேன். அவன் முகம் மாறிவிட்டது. "அவங்களா? அடிக்கடி யாரையாவது கூட்டிக்கிட்டு வருவாங்க. எப்பவோ ஒரு காஜல் வாங்கினாங்க. கையசைப்பாங்க. ரெகுலர் கஸ்டமர்னு நெனச்சு நானும் அசைப்பேன் ப்ரோ." அவ்வளவுதான். கஸ்டமரைப் பார்த்தால் சிரிக்க வேண்டும் என்பது அவன் வேலை. அந்தச் சிரிப்பை மேடம் விற்றுக்கொண்டிருந்தார். எத்தனை பேரிடம் விற்றாரோ.

அவன் எப்படிச் சேர்ந்தான் என்றும் கேட்டேன். முதலில் அதே தளத்தில் சென்ட் விற்கும் கவுண்டரில் இருந்திருக்கிறான். இங்கே ஆள் தேவை என்று தெரிந்ததும் நேராகப் பயோடேட்டா கொடுத்திருக்கிறான். பிராண்டின் ட்ரெய்னர் வந்து, ஒரு பெண்ணை உட்கார வைத்து முகத்தில் ஒரு பாதிக்குத் தான் மேக்கப் போட்டுக் காட்டி, மறு பாதியை இவனைப் போடச் சொன்னாராம். அதுதான் தேர்வு. சம்பளம் ஒரு மேன்பவர் கம்பெனி வழியாக வருகிறது. அந்தக் கம்பெனிக்குக் காசு கொடுப்பது பிராண்ட். இவனிடம் யாரும் ஒரு ரூபாய் கேட்கவில்லை. யூனிஃபார்ம், பயிற்சி, டெஸ்டர் எல்லாமே அவர்கள் செலவு.

அதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் கொதிக்கிறது. மாலிலிருந்தே மேடத்துக்குப் போன் போட்டேன். "அப்படியா தம்பி? எச்.ஆர். மாறிட்டாங்க போல. நான் பேசுறேன்." மாலையில், "எஸ்கலேட் பண்ணியிருக்கோம்." மறுநாள், "மெயில் போடுங்க." மெயில் போட்டால், 'உங்கள் டிக்கெட் பரிசீலனையில் உள்ளது.' டிக்கெட்டாம்! இருப்பது ஒரு அறை, இரண்டு மேசை. நேரில் போனால் முன் மேசைப் பெண், "மேடம் கிளையன்ட் மீட்டிங்ல இருக்காங்க" என்கிறார். உள்ளே மேடத்தின் குரல் கேட்கிறது, "கை ஆடவே இல்லையே" என்று இன்னொருத்தனிடம் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தை மாறவில்லை.

ரீஃபண்ட் கேட்டதற்கு ஒரு தடியான ஆள் வந்து, நான் கையெழுத்துப் போட்ட படிவத்தின் பின்பக்கத்தைக் காட்டினான். 'பயிற்சிக் கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்று எறும்பு எழுத்தில் இருந்தது. "பயிற்சி கொடுத்துட்டோம்ல? வேலை கிடைக்கிறது உங்க திறமை. பையன்னா கொஞ்சம் கஷ்டம்தான்" என்றான். ஆண்களுக்குத்தான் டிமாண்ட் என்று சொல்லிப் பணம் வாங்கிய அதே அறையில் நின்றுகொண்டு! 18,500 ரூபாயில் 2,000 மட்டும் 'நல்லெண்ணத்துக்காக'த் தருகிறோம், புகார் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றான். கொடுக்கவில்லை. அன்று இரவே என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

பணம் கட்டச் சொன்னதுமே தெரிய வேண்டாமா என்று கமெண்டில் வருபவர்களுக்கு: லேப்டாப் விற்பதுபோல ரசீது, படிவம், பயிற்சி, சான்றிதழ் என்று வரிசையாகச் செய்கிறார்கள். புத்திமதியை அந்த மாடிப்படி ஏறிப்போய் அவர்களிடம் சொல்லுங்கள்.

ஸ்டேஷனில், "இது சிவில் மேட்டர்ப்பா, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போ" என்று முதலில் அனுப்பப் பார்த்தார்கள். போலி ஆஃபர் லெட்டரைக் காட்டியதும்தான் புகாரை வாங்கினார்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இன்னும் தரவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-வது பிரிவு ஏமாற்றுவதைப் பற்றியதுதான், பழைய 420-க்குப் பதில் வந்தது. அதை எழுதியே கொடுத்திருக்கிறேன். சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கும் போன் செய்து யூபிஐ எண்களைக் கொடுத்தேன். பணம் போன கையோடு கூப்பிட்டால்தான் அந்தக் கணக்கை முடக்க வழி இருக்கும் என்றார்கள். மார்த்தாண்டத்துப் பையனும் புகார் தருகிறான். அவனுக்கு 21,000 போயிருக்கிறது, ஹாஸ்டல் ஏற்பாடு என்று கூடுதலாகப் பிடுங்கியிருக்கிறார்கள்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. சுருக்கமாக: கவுண்டர் வேலைக்கு யார் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள், பதிவுக் கட்டணம் 100 ரூபாய் என்றாலும். தனிநபர் பெயரில் யூபிஐ கேட்டால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கம்பெனி என்றால் லெட்டர்ஹெட்டில் எழுத்தும் எண்ணும் கலந்த 21 இலக்க சி.ஐ.என். (கம்பெனியின் அடையாள எண்) இருக்க வேண்டும், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். 'நம்ம கேண்டிடேட்' என்று யாரையாவது காட்டினால், அவர்கள் இல்லாத நேரம் தனியாகப் போய் அந்த ஆளிடமே கேளுங்கள். தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்தில் பதிவு செய்யக் காசு கிடையாது. பணம் போய்விட்டால் உடனே 1930, அப்புறம் நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் இந்தத் தொகைக்கெல்லாம் கட்டணம் இல்லை.

வடபழனி பக்கம் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இதே பயிற்சிக்கு உட்கார்ந்தவர்கள் இருந்தால் மெசேஜ் செய்யுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம். ஒரு ஆள் போனால் சிவில் மேட்டர் என்கிறார்கள். நாளைக்கு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு மறுபடி ஸ்டேஷனுக்குப் போகிறேன். 2,000 ரூபாய்க்கெல்லாம் விடமாட்டேன், 18,500-ம் வேண்டும்.