நீலி ஜீலா, சஞ்சய் வனமா?

டெல்லியில் பூங்கா மாதிரி இல்லாமல், நிஜமான காட்டுக்குள் ஒரு சின்ன ஏரி பார்க்கவேண்டும் என்றால் கைக்கெட்டுவது இரண்டு இடங்கள். ஆர்.கே.புரத்துக்காரர்களுக்குச் சஞ்சய் வனம் கூப்பிடு தூரம், குதுப் மினார் மெட்ரோவில் இறங்கினாலும் பக்கம்தான். நீலி ஜீல் ஏரி இருக்கும் அசோலா பட்டி வனவிலங்குச் சரணாலயத்துக்குத் துக்ளகாபாத் தாண்டிப் போகவேண்டும். இரண்டிலும் மயில், நீல்காய் என்ற பெரிய மான், நரி உண்டு. இரண்டிலும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, ராமநாதபுரத்துக்காரர்களுக்குப் பழகிய காடு.

நான் அசோலா பக்கம். காரணம் தண்ணீர்தான். சஞ்சய் வனத்து ஏரிக்கு வருவது சுத்திகரித்த கழிவுநீர். பறவைகளுக்கு அது போதும், ஆனால் கரையில் ஒரு மணிநேரம் உட்கார எனக்கு மனம் வரவில்லை. அசோலாவின் நீலி ஜீல் பழைய சுரங்கக் குழி. பட்டி சுரங்கத்தில் கட்டட வேலைக்கான பதர்பூர் மணலுக்காகத் தோண்டித் தோண்டி விட்டுப்போன பள்ளத்தில் மழைநீரும் ஊற்றுநீரும் சேர்ந்து ஏரியாகிவிட்டது. 1991-ல்தான் பட்டிப் பகுதியும் சரணாலயத்தோடு சேர்ந்தது. மழைக்காலம் முடிந்து செப்டம்பர், அக்டோபரில் போய்ப் பாருங்கள்: செம்மண் நிறத்தில் வெட்டுண்ட பாறைச் சுவர், அதன் அடியில் பச்சையும் நீலமுமாகத் தண்ணீர், நடுவில் முக்குளிப்பான் என்ற ஒரு சின்ன நீர்ப்பறவை. இங்கே மூழ்கி அங்கே எழும், எங்கே எழும் என்று பார்த்துக்கொண்டிருந்தாலே நேரம் போய்விடும். ஆனால் வெட்டுக்குழி என்பதால் கரை சரிவாக இறங்காது, ஒரேயடியாக ஆழம். குழந்தைகளைக் கைவிட்டு விலகவிடாதீர்கள், காலை நனைக்கக்கூட இறங்கவேண்டாம்.

அப்புறம் குரங்குகள். 2007-ல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு நகரத்தில் பிடித்த குரங்குகளை இங்கேதான் கொண்டுவந்து விட்டார்கள். எலுமிச்சைச் சாதத்தைக் கேரி பேக்கில் தொங்கவிட்டுக்கொண்டு போனால் பாதி வழியிலேயே பறிபோகும். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், தண்ணீரைப் பையின் அடியில் வையுங்கள். உள்ளே கடையை நம்பிப் போகவேண்டாம்.

கோடையில் அசோலா எப்படி என்று என்னால் சொல்லமுடியாது, நான் போனதெல்லாம் மழைக்குப் பிறகும் குளிரிலும்தான். சீமைக்கருவேல நிழலை நம்பி மே மாத வெயிலில் நடக்க எனக்குத் துணிவில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவைக் கூட்டிப்போவதென்றால் சஞ்சய் வனமே சரி, நடை குறைவு, பழைய டெல்லி நகரத்தின் லால் கோட் கோட்டைச் சுவரையும் பார்த்துவிடலாம். அசோலாவுக்கென்றால் போன ஆட்டோவையே திரும்பவும் வரச்சொல்லிப் பேசிவையுங்கள், ஏரிவரை விடுகிறார்களா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.