பங்களாக் கதிரைக்குப் புது உறை: மலையக ஈரத்தில் எந்தத் துணி, எந்த நிறம் தாங்குகிறது

நுவரெலியா, ஹட்டன் பக்கத்துப் பழைய சாப்பாட்டு மேசைக் கதிரைகளில் நிறையவற்றுக்கு இருக்கை தனிச் சட்டம். கீழிருந்து தள்ளினால் கையோடு வந்துவிடும். மரம் நெதுன், முதிரை, தேக்கு, பலா, ஏதாவதொன்று. மரம் நூறு வருசம் கிடக்கும்; உறைதான் மாறிக்கொண்டே இருக்கும். கடையில் உறுதியைப் பற்றித்தான் பேசுவார்கள், மார்ட்டின்டேல் உரசல் எண் (துணி தேயும்வரை எத்தனை உரசல் தாங்கும் என்ற சோதனைக் கணக்கு) நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று. வீட்டுப் பாவனைக்கு 25,000 தாராளம். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் துணி தேய்வதற்கு முன்பே பூஞ்சணம் அதைத் தின்றுவிடும். அதனால் காற்றுப் போகும் துணியா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கில் ரெக்சின் முதலிலேயே தோற்கிறது. துடைக்கச் சுகம், முதல் இரண்டு வருசம் குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. ஸ்பொஞ்ச் நாறத் தொடங்கும், சட்டத்து ஆணிகள் துருப்பிடிக்கும். குளிரில் விறைத்துப்போய், முழங்கால் மடியும் முன் விளிம்பில் வெடிக்கும். தோல் மாதிரி மின்னும் பியூ (பொலியூரித்தேன்) பூச்சுத் துணி இன்னும் மோசம். யாரும் உட்காராவிட்டாலும், காற்றின் ஈரமே பூச்சைச் சிதைத்துச் செதில் செதிலாக உரிக்கும். வெல்வெட் கணப்பு அறைக்கு அழகுதான். ஆனால் ஈரக்காற்றில் மயிர் படிந்து, உட்கார்ந்த அடையாளம் போகாது.

கைத்தறிப் பருத்தி நன்றாக மூச்சுவிடும், கைக்கும் இதம். அதன் குறைகளைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றமில்லை. புதுத் துணியிலுள்ள கஞ்சி பூஞ்சணத்துக்கு நல்ல சாப்பாடு, ஆகவே வெட்டுவதற்கு முன் அலசிக் காயவைக்க வேண்டும். சுருங்குவதும் அங்கேயே சுருங்கித் தீரும். நெசவு தளர்வாக இருந்தால் இழுத்து அடிக்கும்போது கோடுகள் வளையும். அடியில் மெல்லிய காடாத்துணி ஒன்று போட்டால் அந்த இழுவையை அது வாங்கிக்கொள்ளும். முழு பொலியெஸ்டர் பூஞ்சணத்துக்கு இலகுவில் இடங்கொடாது, ஆனால் கணப்படுப்பின் ஒரு பொறி பட்டால் உருகி ஓட்டை விழும். நீண்ட பாவனைக்கு நம் தேர்வு கம்பளி கலந்த துணி. கம்பளி தன் எடையில் மூன்றிலொரு பங்கு ஈரத்தை வாங்கியும் நனைந்தது போலத் தெரியாது, நெருப்பும் சட்டென்று பற்றாது. அந்துப்பூச்சி மட்டும் எதிரி. மலை நகரங்களில் கிடைப்பது அரிது. கொழும்புப் புறக்கோட்டையில் தேட வேண்டும்.

நிறத்துக்கு வந்தால், கறுப்பும் கிறீமும் வேண்டாம். கறுப்பில் வெள்ளைப் பூஞ்சணம் மாவு தூவியதுபோல் தெரியும், கிறீமில் பழுப்புப் புள்ளி விழுந்தால் போகாது. இரண்டு மூன்று நிற நூல் கலந்த நடுத்தர நிறமே எதையும் மறைக்கும். மூடுபனி வெளிச்சம் நீலச் சாயல் உள்ளது; அதில் சாம்பல் நிறம் செத்துப்போகும், கடுகு மஞ்சளும் பாசிப்பச்சையும் உயிரோடு நிற்கும். செம்பழுப்பு நெதுனுக்குச் செங்கல் நிறம் போட்டால் துணியும் மரமும் ஒன்றாகக் கரைந்துவிடும். அதற்குப் பாசிப்பச்சை. மஞ்சளோடிய முதிரைக்குக் கருநீலம். மாதிரித்துண்டு ஓர் அடிச் சதுரமாவது இருக்கட்டும், விரலளவுத் துண்டை வைத்து முடிவெடுக்க வேண்டாம். காலைப் பனியிலும், நண்பகலிலும், இரவு மஞ்சள் பல்ப்பிலும் மரத்தின் மேலேயே கிடத்திப் பாருங்கள். ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள், சாயம் ஒட்டினால் விட்டுவிடுங்கள். குளிர்கிறதென்று மலை வெயிலைக் குறைவாக எடைபோடக் கூடாது. உயரத்தில் புறஊதாக் கதிர் கூடுதல். ஜன்னலோரக் கதிரையில் சிவப்புத்தான் பெரும்பாலும் முதலில் வெளிறும்.

அளவு: இருக்கை 18க்கு 20 அங்குலம், தடிப்பு 2 என்றால், கீழே மடிக்க 2 விட்டு, ஒரு துண்டு 26க்கு 28. 54 அங்குல அகலத் துணியில் பக்கத்தில் பக்கமாக இரண்டு வரும், ஆறு கதிரைக்கு 84 அங்குல நீளம். இரண்டரை யார் வாங்கினால் போதும். 36 அங்குலக் கைத்தறியில் ஒன்றுதான் வரும். 168 அங்குலம், ஐந்து யார் வாங்க வேண்டும். பெரிய பூவை நடுவில் வைக்க ஆசைப்பட்டால் வீண்துண்டு நிறைய விழும்.

வேலையை ஈரமான மாதத்தில் தொடங்காதீர்கள். காய்ந்த மாதங்கள் ஹட்டன், நுவரெலியாவுக்குப் பெப்ரவரி, மார்ச். பண்டாரவளை, பதுளைக்கு ஜூன் முதல் ஓகஸ்ட். பழைய உறைகளை முழுக்கக் கழற்ற வேண்டும். மேலுக்கு மேல் அடித்தால் இருக்கை தடித்து, சட்டத்துக்குள் இறுகி, மழையில் மரம் பருக்கும்போது மூலைப் பொருத்து பிளக்கும். கழற்றும்போது சட்டத்திலும் இருக்கையிலும் உளியால் கொத்திய ரோமன் எண்களைத் தேடுங்கள். எண் மாறினால் இருக்கை பொருந்தாது. இரண்டு அங்குலச் சணல் நாடா பின்னி, மேலே கோணிச்சாக்கு, நன்றாகக் காய்ந்த தென்னந்தும்பு, பருத்திப் பஞ்சு, காடா, கடைசியில் உறை. வெறும் மலிவு ஸ்பொஞ்ச் மட்டும் வைத்தால் சில வருசத்தில் மஞ்சள் தூளாக உதிரும். துருப்பிடிக்காத எஃகு ஸ்டேப்ளர் முள் கேளுங்கள், சாதாரண முள் துருவிட்டுத் துணியில் கறை ஏற்றும். நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொன்று அடித்த பிறகே மூலைக்குப் போக வேண்டும். மூலையிலிருந்து தொடங்கினால் நெசவு கோணும். அடிப்பக்கத்தை மூட பொலித்தீனோ ரெக்சினோ வேண்டவே வேண்டாம், மெல்லிய பருத்தித் துணி போதும்.

மழைக்காலத்தில் கதிரையைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். வெயில் கண்ட நாளில் இருக்கையைத் தூக்கி வெளியே அடிப்பக்கம் மேலாகக் காயப் போட்டால், நாடா வரைக்கும் உலரும், நிறமும் வெளிறாது.