பழைய தமிழ்க் கோப்புகள் ‘கரப்ட்’ ஆகிவிட்டன என்று சொல்லிப் பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டதால், பழைய கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் கடைகளை நாடுகிறவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களில் அச்சகம், டிடிபி மையம், சிற்றிதழ், சிறு பதிப்பகம் நடத்துகிறவர்களும், யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்துக் குறியீட்டுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை வைத்திருக்கிறவர்களும் இதைப் படித்துவிட்டுக் கணினியைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். நாங்கள் ஏமாந்த கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. அங்கே நடந்ததுதான் முக்கியம்.

எங்கள் குடும்ப அச்சகத்தின் கணினியில் தலவரலாறுகள், பள்ளி ஆண்டு மலர்கள், கவிதைத் தொகுப்புகள், நினைவு மலர்கள் எனப் பல ஆண்டு உழைப்பு இருந்தது. பக்க வடிவமைப்பு பேஜ்மேக்கர் 7.0-இல், மூலப்படிகள் வேர்டு கோப்புகளாக, பெரும்பாலும் பாமினி எழுத்துருவில். மறுபதிப்புக் கேட்டு யாராவது வந்தால் எடுத்து அச்சிட்டுக் கொடுப்பது வழக்கம். கணினியைக் கொடுத்தபோது, மென்பொருள்களும் எழுத்துருக்களும் கோப்புகளும் இருக்கிறபடியே இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தோம். “எல்லாம் அப்படியே இருக்கும் சார், ஒன்றும் போகாது” என்று கடைக்காரர் உறுதி சொன்னார்.

திரும்பி வந்த கணினியில் டி டிரைவில் இருந்த கோப்புகள் மட்டுமே எஞ்சியிருந்தன. சி டிரைவை முழுவதுமாக ஃபார்மட் செய்திருந்தார்கள். பேஜ்மேக்கரும் எழுத்துருக்களும் போய்விட்டன. எஞ்சிய வேர்டு கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகத் தெரிந்தது. கேட்டபோது, கோப்புகள் ஏற்கெனவே ‘கரப்ட்’ ஆகியிருந்தன என்றும், டேட்டா ரெக்கவரி செய்து தர ஒவ்வொரு கோப்புக்கும் தனிக் கட்டணம் ஆகும் என்றும் சொன்னார்கள். சி டிரைவை அழித்தது அலட்சியம் என்றால், இது ஏமாற்று.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கணினி சேமித்து வைப்பது தமிழ் எழுத்தை அல்ல, ஆங்கில விசைகளின் குறியீட்டை. ‘அம்மா’ என்ற சொல் கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கும். அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் கண்ணுக்கு ‘அம்மா’ தெரியும். இல்லாவிட்டால் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகளே தெரியும். கோப்பில் ஒரு பைட்டும் கெடவில்லை. எழுத்துருவை மறுபடி நிறுவினால் தமிழ் வந்துவிடும். டாம், டாப் குறியீடுகளில் அமைந்த எழுத்துருக்களில் எழுதியவற்றுக்கும் இதே நிலைதான். 1999-இல் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்த குறியீடுகள் அவை. 2010-இல் யூனிகோடு தரமாக ஏற்கப்பட்ட பிறகும் அச்சுத் தொழிலில் அவை தொடர்ந்தன. ஆகவே, எழுத்துரு இல்லாததால் குலைந்து தெரிகிற கோப்பைக் காட்டிக் ‘கரப்ட்’ என்று சொல்கிறவர் ஒன்று இந்த வேலை தெரியாதவராக இருக்க வேண்டும், அல்லது தெரிந்தே ஏமாற்றுகிறவராக இருக்க வேண்டும்.

அதைவிடக் கொடுமை, மாதிரிக்கு என்று சில கோப்புகளை அவர்கள் ‘மீட்டு’க் கொடுத்த விதம். எங்கள் தொழிலில் மூத்த தட்டச்சர் ஒருவர் எழுத்துருவைத் தந்து உதவியபோது அவற்றைத் திறந்து பார்த்தோம். வீடு என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘விட’ என்றும், குடும்பம் ‘கடம்பம்’ என்றும், முகம் ‘மகம்’ என்றும் இருந்தன. சில வாக்கியங்களின் தொடக்கத்திலோ கடல் ‘குடல்’ ஆகியிருந்தது. பாமினியில் ஆங்கிலச் சிறிய எழுத்து அகரமேறிய மெய்யையும் பெரிய எழுத்து பெரும்பாலும் உகரமேறிய மெய்யையும் தரும். இகர ஈகாரக் குறிகளும், எகர ஏகாரக் கொம்புகளும்கூடச் சிறிது பெரிது என்ற வேறுபாட்டால்தான் பிரிகின்றன. வாக்கியத்தின் முதலெழுத்தைப் பெரிதாக்கி மற்றவற்றையெல்லாம் சிறிதாக்கும் வேர்டின் கட்டளையை அந்தக் கோப்புகள் மேல் யாரோ இயக்கிச் சேமித்திருக்கிறார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. கெடாமல் இருந்த கோப்புகள் அந்தக் கட்டளைக்குப் பிறகு உண்மையிலேயே கெட்டன. எந்த உகரம் போயிற்று, எந்த நெடில் குறிலாயிற்று என்பதை எந்த மென்பொருளும் தானாகச் சொல்லாது. அச்சுப் புத்தகத்தை அருகில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்துத் திருத்த வேண்டும். அச்சுப் படி கிடைக்காத ஒரு நினைவு மலரை இன்னும் முழுமையாகச் சரிசெய்ய முடியவில்லை. தன் தந்தையைப் பற்றி அதில் எழுதியிருந்த அம்மையாருக்கு என்ன பதில் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

பேஜ்மேக்கரைப் பொறுத்தவரை, அடோபி 2001-இல் வெளியிட்ட 7.0 தான் அதன் கடைசிப் பெரும் பதிப்பு. அதற்குப் பதிலாக எங்கள் கணினியில் அடோபியின் இன்னொரு பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் கிராக் செய்த (உரிமம் இல்லாத) புதிய பதிப்பு ஒன்றை நிறுவி, அதற்கும் பணம் வாங்கினார்கள். பேஜ்மேக்கர் கோப்புகளை நேரடியாகத் திறக்கும் வசதி இன்டிசைன் சிஎஸ்6 வரையில்தான் இருந்தது. பின்வந்த சிசி பதிப்புகளில் அது கிடையாது. ஆக, திருட்டு மென்பொருள் என்ற குற்றம் ஒருபுறம் இருக்க, எந்த வேலைக்காக அது வேண்டுமோ அந்த வேலையையே அது செய்யாது. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆபீஸ் டிராவில் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்து பார்க்கலாம். பக்க அமைப்பு ஓரளவு குலையும், ஆனாலும் உள்ளடக்கத்தை எடுத்துவிடலாம். அச்சுக்குத் தகுந்த துல்லியம் வேண்டுமென்றால், உரிமமுள்ள பழைய விண்டோஸை விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர்க் கணினியில் (கணினிக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியில்) நிறுவி, பேஜ்மேக்கரையும் எழுத்துருக்களையும் அதற்குள் வைத்து வேலை செய்வதே எங்களுக்கு நிம்மதியாக இருக்கிறது.

விண்டோஸ் மாற்றத்திலும் மறைத்தவை உண்டு. எங்களிடம் இருந்தது 32-பிட் விண்டோஸ் 10. விண்டோஸ் 11 64-பிட்டாக மட்டுமே வருகிறது. 32-பிட்டிலிருந்து 64-பிட்டுக்கு மென்பொருள்களை வைத்துக்கொண்டே ஏற முடியாது. புதிதாக நிறுவியே ஆக வேண்டும். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நாங்கள் கணினியைக் கொடுத்தே இருக்க மாட்டோம். டாஸ் காலத்துப் பில் போடும் மென்பொருள் ஒன்றும் எங்களிடம் ஓடிக்கொண்டிருந்தது. 16-பிட் மென்பொருள்கள் 64-பிட் விண்டோஸில் இயங்கவே இயங்காது என்பதையும் கடையில் யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. மேலும், எங்கள் கணினியின் இன்டெல் ஆறாம் தலைமுறைச் செயலி விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் ஏற்கும் பட்டியலிலேயே இல்லை. வன்பொருள் சோதனையைத் தந்திரமாகத் தாண்டி நிறுவியிருக்கிறார்கள். அப்படி நிறுவிய கணினிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தருவதில்லை. பாதுகாப்புக்காகச் செய்த செலவு, அந்தப் பாதுகாப்பையே தரவில்லை.

நீங்கள் இப்படி ஒரு மாற்றத்துக்குத் தயாராக இருந்தால், கணினியைக் கொடுக்கும் முன் ஃபான்ட்ஸ் கோப்புறை முழுவதையும் தனி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள். பலரும் ஆவணங்களை மட்டும் எடுத்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள், சில எழுத்துருக்களை இன்று விலை கொடுத்தாலும் வாங்க முடியாது. இருக்கிறபடியே மேம்படுத்துகிறார்களா, ஃபார்மட் செய்து புதிதாக நிறுவுகிறார்களா என்பதைக் கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். முன்னது என்றால் பத்து நாட்களுக்குள் பழைய விண்டோஸுக்குத் திரும்பும் வழி உண்டு. ஃபார்மட் செய்துவிட்டால் இல்லை. மூலப்படிகளை என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் வழியாக யூனிகோடுக்கு மாற்றி, ஒரு முறையாவது மெய்ப்புப் பார்த்து வையுங்கள். பழைய மூலக் கோப்பையும் தொடாமல் அப்படியே வைத்திருங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள், கடைக்காரர் ‘மீட்ட’ கோப்பின் மேல் எதையும் சேமிக்காமல், நகலில் மட்டும் சோதித்துப் பாருங்கள். அழிந்த டிரைவில் முக்கியமானவை இருந்திருந்தால் அந்தக் கணினியைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்துங்கள். புதிதாக எழுதப்படும் ஒவ்வொரு கோப்பும் பழையதை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும். சேவைக் குறைபாட்டுக்காகத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மாவட்ட ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதென்றால் கட்டணம் இல்லை. எங்களுக்குக் கொடுத்தது கடைப் பெயரும் வரி எண்ணும் இல்லாத துண்டுச் சீட்டு. பணத்தை யுபிஐ வழியாகக் கட்டியதற்கான பதிவும், கோப்புகளை ‘மீட்க’ப் பணம் கேட்டு அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் இருப்பதால், அவற்றை இணைத்தே புகாரைத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம்.