வெள்ளகவிக்கு நடந்து போய்ட்டு வந்தோம் – ஊருக்குப் போறப்ப ட்ரெக்கிங் புக் பண்ண நினைக்கிறவங்களுக்கு

நான் பெரியகுளத்துக்காரன், இப்ப பதிமூணு வருசமா டாலஸ்ல இருக்கேன். இந்த தடவ டிசம்பர் லீவுக்கு ஊருக்குப் போனப்ப பொண்ணையும் (பதினாறு வயசு) கூட்டிட்டு கொடைக்கானல் பக்கத்துல இருக்கிற வட்டக்கானல்ல இருந்து வெள்ளகவிங்கற மலைக்கிராமம் வரைக்கும் நடந்துட்டு வந்தோம். போறதுக்கு முன்னாடி எத பாக்கணும், யார்கிட்ட புக் பண்ணணும்னு எனக்கு சரியா சொல்ல ஆள் இல்ல, ஒரு இடத்துல பணமும் போச்சு, அதனால தெரிஞ்சத எழுதிடறேன், கொஞ்சம் நீளமா தான் இருக்கும்.

ஏன் வெள்ளகவின்னா, அது எங்க குடும்பத்துல பேசிப் பேசி கேட்ட பேரு. கொடைக்கானலுக்கு பஸ் ரோடு வர்றதுக்கு முன்னாடி பெரியகுளத்துல இருந்து கும்பக்கரை வழியா வெள்ளகவி ஏறி தான் மேல போவாங்க, வெள்ளக்காரங்க டோலில போனதும் அந்த வழிதான், சாமான் எல்லாம் தலச்சுமை. எங்க அப்பத்தாவோட மாமனார் அப்படி சுமை தூக்கிட்டு ஏறி இறங்குனவரு. அந்த ஊருக்குள்ள யாரும் செருப்பு போட்டு நடக்க மாட்டாங்க, வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவுல எடமே இருக்காது, ஊரே கோயில் மாதிரின்னு அப்பத்தா சொல்லும். நாங்களும் நடந்து தான் போனோம். எம்பொண்ணுக்கு இத காட்டணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு.

அக்டோபர்லயே தேட ஆரம்பிச்சேன். இன்ஸ்டாகிராம்ல ஒரு குரூப் (பேரு வேணாம்) வீடியோ எல்லாம் அருமையா போட்டிருந்தாங்க, ரெண்டு நாள், டென்ட், நைட்டு கேம்ப் ஃபயர், பார்பிக்யூ, எல்லாம் சேத்து ஒரு ரேட்டு. மெசேஜ் பண்ண உடனே பதில் வந்துச்சு, சீட்டு போயிடும் அட்வான்ஸ் போடுங்கன்னு சொன்னாங்க, நானும் மூவாயிரம் ரூபா போட்டுட்டேன். அதுக்கப்புறம் தான் கேள்வி கேட்டேன், அது என் தப்பு, கேட்டுட்டு தான் போட்டிருக்கணும். எத்தன பேர் வர்றாங்கன்னு கேட்டா முப்பத்தஞ்சு நாப்பது பேர், கைடு எத்தன பேருன்னா ஒருத்தர், அவரும் மதுரைக்காரர். ஃபாரஸ்ட் பர்மிஷன் லெட்டர் அனுப்புங்கன்னு கேட்டேன், "அண்ணா அதெல்லாம் நம்ம ஆளு அங்க இருக்காரு பாத்துப்பாரு, நீங்க நம்பி வாங்க"ன்னு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. மறுபடி கேட்டேன், பதில் இல்ல. வேணாம்னு சொல்லி பணத்த கேட்டேன், அதுக்கும் பதில் இல்ல, இன்னும் வரல.

நான் ஏன் பர்மிஷன்ல இவ்ளோ பிடிவாதமா இருக்கேன்னா, குரங்கணி எங்க ஊருல இருந்து ரொம்ப தூரம் இல்ல, போடி தாண்டுனா வந்துடும். 2018 மார்ச் 11ஆம் தேதி அங்க என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், சென்னையில இருந்து ஒரு குரூப், ஈரோடு திருப்பூர் பக்கம் இருந்து ஒரு குரூப், கொழுக்குமலை பாதைல போனவங்க காட்டுத்தீல மாட்டி 20 பேருக்கு மேல இறந்தாங்க, பாதி பேர் இருபது முப்பது வயசு புள்ளைங்க. அனுமதி இல்லாத பாதைல போனாங்கன்னு அப்ப அதிகாரிங்க சொன்னாங்க. காஞ்ச புல்லு, மலைச்சரிவு, காத்து, இது மூணும் சேந்தா தீ மேல் பக்கமா மனுசன் ஓடறத விட வேகமா வரும், எந்தப் பக்கம் ஓடணும்னு அந்த மலையிலயே வளந்தவனுக்கு தான் தெரியும். அந்த வாரம் முழுக்க டாலஸ்ல ஆபீஸ்ல உக்காந்துட்டு தேனி ஆஸ்பத்திரி நியூஸ பாத்துட்டே இருந்தேன், அது மனச விட்டு போகவே இல்ல. பர்மிஷன்ங்கறது வெறும் பேப்பர் இல்லங்க. இன்னிக்கு இந்த பாதைல இத்தன பேர் இருக்காங்கன்னு காட்டுக்கு பொறுப்பான ஒருத்தருக்கு தெரிஞ்சிருக்குதுன்னு அர்த்தம், சாயங்காலம் நாம திரும்பலைன்னா யாராவது தேடி வருவாங்கன்னு அர்த்தம்.

குரங்கணிக்கு அப்புறம் 2018லயே ட்ரெக்கிங்க்குன்னு தனி விதிமுறை கொண்டு வந்தாங்க, பிறகு 2024 அக்டோபர்ல வனத்துறை சார்பா ட்ரெக் தமிழ்நாடுன்னு ஆரம்பிச்சு 14 மாவட்டத்துல 40 பாதைய ஆன்லைன்ல புக் பண்ற மாதிரி வச்சிருக்காங்க. ஈஸி, மீடியம், கஷ்டம்னு மூணா பிரிச்சிருக்காங்க. அந்தந்த மலையில இருக்கிற பழங்குடி பசங்க, கிராமத்துப் பசங்களுக்கு பயிற்சி குடுத்து கைடா போட்டிருக்காங்க. எனக்கு இது தங்கச்சி மாப்ள சொல்லி தான் தெரிஞ்சது, வட்டக்கானல் வெள்ளகவி பாதையும் அதுல இருந்துச்சு, அவரே யூபிஐல பணம் கட்டிட்டாரு. பதினெட்டு வயசுக்கு கீழ இருந்தா பெத்தவங்க சம்மதம் வேணும். எம்பொண்ணு அமெரிக்க பாஸ்போர்ட், அதனால பாஸ்போர்ட், ஓசிஐ (வெளிநாட்டு குடியுரிமை வாங்குன இந்திய வம்சாவளிக்கு குடுக்கற அட்டை) ரெண்டும் காப்பி எடுத்து கைல வச்சிக்கிட்டேன். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, பிப்ரவரி நடுவுல இருந்து தீ சீசன்னு பாதைய மூடிடுவாங்க, அந்த நேரத்துல "நாங்க கூட்டிட்டு போறோம்"னு யார் சொன்னாலும் போகாதீங்க. வெளிநாட்டுல இருந்து வர்ற நமக்கு டிசம்பர் ஜனவரி தான் சரியா வரும், மழையும் முடியற நேரம்.

இப்ப உடம்ப தயார் பண்றது. டாலஸ்ல மலை கிடையாது, ஃபிளைஓவர் தான் மேடு. நடந்தா போதும்னு நினைக்காதீங்க, இந்த பாதைல முக்கியமான விஷயம் என்னன்னா முதல்ல இறக்கம், வட்டக்கானல் உசரத்துல இருக்கு, வெள்ளகவி கீழ இருக்கு. காலைல ஃப்ரெஷ்ஷா இருக்கறப்ப சும்மா இறங்கிடுவோம், ஈஸியா இருக்கேன்னு தோணும், ஆனா கால் களைச்சு வெயிலும் ஏறின பிறகு அத்தனையும் ஏறணும். அதனால ஆபீஸ் பார்க்கிங் கட்டடத்துல ஏழு மாடி படிய ரெண்டு மாசம் ஏறி இறங்குனோம், வாரத்துக்கு நாலு நாள், கடைசி மூணு வாரம் பேக்ல அஞ்சு கிலோ அரிசி மூட்டைய வச்சுக்கிட்டு. இறங்கறத தான் அதிகமா பழகுனோம், ஏன்னா முழங்காலும் தொடையோட முன்பக்கமும் வலிக்கறது இறங்கும்போது தான், ஏறும்போது மூச்சு தான் வாங்கும், நின்னா சரியாயிடும்.

ஷூ வாங்கறவங்க அர சைஸ் பெருசா வாங்குங்க, இறக்கத்துல கால் முன்னாடி சறுக்கிட்டே இருக்கும், விரல் போய் முட்டும். கால் நகத்த ரெண்டு நாளைக்கு முன்னாடியே ஒட்ட வெட்டிடுங்க. புது ஷூவோட மலைக்கு வராதீங்க, குறைஞ்சது ஒரு மாசம் போட்டு நடந்திருக்கணும். வந்து இறங்கின மறுநாளே புக் பண்ணாதீங்க, பதினொன்னரை மணி நேர வித்தியாசம், நாங்க ஆறாவது நாள் தான் போனோம், அதுவரைக்கும் பொண்ணு மதியம் மூணு மணிக்கு தூங்கி வழிஞ்சா.

இன்னொன்னு, இது யாரும் சொல்ல மாட்டாங்க. அமெரிக்கா கனடா பக்கம் ட்ரெக்கிங் போறவங்க நிறைய பேர் சாட்டிலைட்ல மெசேஜ் அனுப்பற கருவி வச்சிருப்பாங்க, கார்மின் இன்ரீச் மாதிரி. அத இந்தியாவுக்கு எடுத்துட்டு வராதீங்க, சாட்டிலைட் ஃபோனுக்கு இருக்கற சட்டம் இதுக்கும் தான், முன் அனுமதி இல்லாம கொண்டு வந்து ஏர்போர்ட்ல மாட்டி கேஸ் ஆனவங்க இருக்காங்க. என் பேக்ல இருந்துச்சு, கிளம்பறதுக்கு முந்தின நாள் தான் படிச்சு எடுத்து வச்சேன். ட்ரோனும் வேணாம்.

கொடைக்கானல் போற வண்டிக்கு 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் எடுக்கணும், ஹைகோர்ட் உத்தரவு, உள்ளூர் நம்பர் இல்லாதவங்க ஈமெயில் வச்சு பதிஞ்சுக்கலாம். அஞ்சு லிட்டருக்கு கம்மியான பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொண்டு போகக்கூடாது, இருந்தா பாட்டிலுக்கு 20 ரூபா பசுமை வரி. ஆளுக்கு ரெண்டு எவர்சில்வர் பாட்டில், மூணு லிட்டர் தண்ணி, ஓஆர்எஸ் பொடி, அம்மா கட்டிக் குடுத்த புளிசாதம், அவ்ளோ தான். முந்தின நாளே காட்ரோடு வழியா மேல போய் தங்கிட்டோம்.

காலைல நல்ல குளிரு, மூச்சு விட்டா புகையா வந்துச்சு. ரெண்டு கைடு வந்தாங்க, ஒருத்தர் முன்னாடி, ஒருத்தர் கடைசி. முன்னாடி வந்த தம்பி பளியர்ங்கற மலைப் பழங்குடி வீட்டுப் பையன், இருபத்தஞ்சு வயசு இருக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாரையும் நிக்க வச்சு பிரஷர், வீசிங், முட்டி வலி யாருக்காவது இருக்கான்னு ஒவ்வொருத்தரா கேட்டாரு, ஒரு அம்மா தயங்கித் தயங்கி இன்ஹேலர் இருக்குன்னு சொன்னாங்க, அது பேக்குக்கு அடில இருந்துச்சு, எடுத்து சட்டப் பாக்கெட்ல வைக்க சொல்லிட்டு தான் நடக்க விட்டாரு. அந்த எடத்துலயே எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு. அட்டைப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் குடுத்து கணுக்கால்ல தேய்க்க சொன்னாரு.

டால்ஃபின் நோஸ்ங்கற பாறை முனை வரைக்கும் கூட்டம், ஃபோட்டோ எடுக்கறவங்க, மேகி கடை. அத தாண்டுனா சத்தமே இல்ல. சோலைக்குள்ள ஒரு வளைவுல முன்னாடி போன தம்பி சட்டுனு கைய பின்னாடி நீட்டினாரு, யாரும் பேசல. எங்களுக்கு ஒண்ணும் தெரியல, அவருக்கு வாசம் வந்துடுச்சுன்னு பிறகு சொன்னாரு. ஒரு நிமிசம் கழிச்சு தான் காட்டுமாடு தெரிஞ்சது, கறுப்பு, முழங்காலுக்கு கீழ மட்டும் வெள்ள சாக்ஸ் போட்ட மாதிரி, எங்கள பாத்துட்டே நின்னுச்சு, காத மட்டும் ஆட்டுச்சு. தம்பி எங்கள மெதுவா ரெண்டு ரெண்டு அடியா பின்னாடி நகர வச்சாரு, அது வழி விட்டு இறங்கற வரைக்கும் கால் மணி நேரம் அங்கயே நின்னோம். எம்பொண்ணு என் கைய இறுக்கிப் பிடிச்சிருந்தா, அந்த நகத் தடம் சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு. முப்பத்தஞ்சு பேரோட ப்ளூடூத் ஸ்பீக்கர் வச்சுக்கிட்டு வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சேன்.

இன்னும் கீழ போனப்ப சுமை ஏத்தின குதிரைங்க எதிர்ல வந்துச்சு. "மேட்டுப் பக்கம் ஒதுங்குங்க அண்ணே, பள்ளத்துப் பக்கம் நிக்காதீங்க"ன்னு பின்னாடி கைடு சத்தம் போட்டாரு. மூட்டை இடிச்சா ஆள் கீழ போயிடுவாங்களாம், ஒதுங்கறதுன்னா மலை ஒட்டி தான் ஒதுங்கணும், இது எந்த புக்லயும் நான் படிக்கல.

ஊர் எல்லையில ஷூவ கழட்டி லேஸ ஒண்ணோட ஒண்ணு முடிஞ்சு தோள்ல போட்டுக்கிட்டோம். கல்லு சில்லுனு இருந்துச்சு, கொஞ்ச தூரம் போனதும் வெயில் பட்ட கல்லு, சுடல, வெதுவெதுன்னு. வீட்டு வாசல்ல எல்லாம் காப்பிக்கொட்ட காயுது, மிதிக்காம ஓரமா போகணும். ஒரு அக்கா உள்ள கூப்பிட்டு கருப்பட்டி போட்டு வரக்காப்பி குடுத்தாங்க, காசு வாங்கல, பெரியகுளம்னு சொன்னதும் எந்தத் தெருன்னு கேட்டாங்க. உடம்பு முடியாதவங்கள டோலி கட்டி தான் தூக்கிட்டு போவோம்னு சாதாரணமா சொன்னாங்க. நாங்க ரெண்டு மாசம் பயிற்சி எடுத்து வந்த பாதைல அவங்க நோயாளிய தோள்ல தூக்கிட்டு போறாங்க.

ஏத்தம் கஷ்டம் தான், பொய் சொல்ல மாட்டேன். இருபது நிமிசம் நடை, அஞ்சு நிமிசம் நிக்கறதுன்னு கடைசில வர்றவரோட வேகத்துக்கு தான் எல்லாரையும் கூட்டிட்டு வந்தாங்க, யாரையும் அவசரப்படுத்தல. மேல வந்ததும் தம்பி திரும்ப தலைய எண்ணி காலைல எழுதின நோட்ட எடுத்து சரி பாத்துட்டு தான் கிளம்ப விட்டாரு.

மறுநாள் பெரியகுளம் வந்து சேர மதியம் ஆயிடுச்சு. அப்பத்தா திண்ணையில உக்காந்திருந்துச்சு. எப்படி இருந்துச்சு, புள்ள நல்லா நடந்தாளான்னு எதுவும் கேக்கல.

"ஊருக்குள்ள செருப்ப கழட்டுனீங்களாடா?"

"கழட்டிட்டு தான் போனோம் அப்பத்தா."

"ம்"னுச்சு. எந்திரிச்சு உள்ள போய் எங்களுக்கு சுடுதண்ணி வச்சுச்சு.