இடப்பக்கமே கிறுகிய ஸ்பைடர்மேன்

கல்முனையில் இருக்கும் மச்சான் போன கிழமை கேட்டான், "பாவிச்ச பிஎஸ்4 ஒண்டு விலைக்கு வருகுது, எடுக்கவா? உன்ர எப்படி ஓடுது?" குரல் பதிவில் பதில் சொல்லத் தொடங்கி ஆறு நிமிடம் கதைத்துவிட்டேன். அதை அவன் கேட்டிருக்கவே மாட்டான். அதனால் எழுதுகிறேன்.

டிவியில் பூட்டி கேம் விளையாடும் இந்தப் பெட்டியில் என்னுடையது ஸ்லிம் வகை, 500 ஜிபி. 2019இல் ஒருவர் பாவித்ததை வாங்கினேன். எத்தனையோ கேம் வந்து போயின. அழிக்காமல் வைத்திருப்பது ஒன்றுதான், 2018இல் இன்சோம்னியாக் என்ற நிறுவனம் செய்த ஸ்பைடர்மேன். கதையை மூன்று தரம் முடித்தாகிவிட்டது. நகரம் முழுக்க ஒளித்து வைத்திருக்கும் 55 பைகளையும் பொறுக்கியாகிவிட்டது.

பெட்டியைக் குறை சொல்ல மாட்டேன். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாளையும் அது கண்டது. பாதி விளையாட்டில் கரண்ட் போகும். திரும்ப வந்ததும், சரியாக நிறுத்தவில்லை என்று என்னையே ஏசிவிட்டு, தன்னைச் சோதித்துப் பார்த்துக்கொண்டு எழும்பும். ஏதோ நான் வேண்டுமென்று பிளக்கைப் பிடுங்கினதுபோல.

என் வயிற்றெரிச்சல் கையில் பிடித்து விளையாடும் கொன்ட்ரோலரில்தான். 2023இல் ஒருநாள், பார்வையைத் திருப்பும் வலது குச்சியைத் தொடாமலே கமெரா இடப்பக்கம் மெல்லக் கிறுகியது. தூசியாக இருக்கும் என்று ஊதினேன். மறுகா நாளுக்கு நாள் கூடியது. ஸ்பைடர்மேன் கட்டட உச்சியில் குந்திக்கொண்டு சும்மா இருப்பார், ஊர் மட்டும் அவரைச் சுற்றிவரும்.

அந்தக் குச்சிக்கு அடியில் கார்பன் பூசிய சின்னப் பட்டை இருக்கிறது. அதன்மேல் ஒரு உலோக நுனி உரசுவதை வைத்துத்தான் குச்சி எந்தப் பக்கம் சாய்கிறது என்று கணக்காகும். பட்டை தேய்ந்தால் நடு எது என்பதே அதற்கு மறந்துபோகும். எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில், ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். ஜன்னல் கம்பிக்கே துரு ஏறுகிற இடம். ஆனால் உப்புக்காற்றின் மேல் பழி போட முடியவில்லை. திறந்து பார்த்தபோது துரு இல்லை, வெறும் தேய்வுதான். மூன்று தரம் கதை முடித்தவன் யார், காற்றா?

முதல் கடையில் மருந்தடித்துத் துடைத்தார்கள். மூன்று கிழமை நன்றாக இருந்தது. இரண்டாவது கடையில் மேலே இருக்கும் ரப்பர் தொப்பியை மட்டும் புதிதாகப் போட்டுவிட்டு, முழுக் குச்சியையும் மாற்றியதாகச் சொல்லி சல்லி வாங்கினார்கள். அதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

இதில் அதிகம் கஷ்டப்பட்டது அம்மா. அம்மாவுக்கு வில்லன் யார், சண்டை எதற்கு என்றெல்லாம் அக்கறை இல்லை. பின்னேரம் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, "அந்த ஆத்தங்கரைக்குப் போ மகன்" என்பார். கேமில் வரும் நியூயோர்க்கின் மன்ஹாட்டன் ஓரத்துத் தண்ணீரில் வெயில் சாயும்போது, கல்லடிப் பாலத்தில் நின்று பார்ப்பதுபோலவே இருக்கிறதாம். வீட்டு வாடகை கட்ட முடியாமல் ஸ்பைடர்மேனான பீட்டரின் சாமான்களை வெளியே போட்ட கட்டத்தில், "பாவம், உலகத்தைக் காப்பாத்துறவனுக்கு இருக்க இடமில்ல" என்றார். படங்களில் வந்த மூன்று ஸ்பைடர்மேன்களையும் நான் பார்த்திருக்கிறேன். எனக்கு இந்த கேமில் வருபவர்தான் நெருக்கம். காரணம் அம்மா சொன்னதுதான். ரயிலில் ஏறினால் முகமூடியோடு சனங்களுக்கு நடுவில் இருந்து போவார், கல்முனை பஸ்ஸில் நாம் போவது மாதிரி.

ஆனால் கமெரா கிறுகத் தொடங்கியதும் அம்மா இரண்டு நிமிடத்தில் எழும்பிவிடுவார். "நிப்பாட்டு, தலை கிறுகுது." கிட்டத்தட்ட இரண்டு வருடம், வலது பெருவிரலால் குச்சியை ஒரு நூல் அளவு வலப்பக்கம் அமத்திப் பிடித்தே அந்த ஆற்றங்கரையைக் காட்டினேன்.

கடைசியாக, தெரிந்த தம்பி ஒருவர் 14 ஈயப் பற்றுகளையும் எடுத்துவிட்டு, காந்தத்தால் வேலை செய்யும் குச்சி போட்டுத் தந்தார். இதில் உரசல் இல்லை, அதனால் அந்தத் தேய்வும் இல்லை. கணினியில் இணைத்து நடுவைச் சரிபார்த்தும் தந்தார். 4,500 ரூபாய். புதுசாக விற்கும்போதே இதைப் போட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

சரி மச்சான், உன் கேள்விக்கு வருகிறேன். எடுக்காதே. இந்தக் காலத்தில் பழைய பிஎஸ்4 எடுத்தால், அதோடு வரும் தேய்ந்த குச்சியையும் சேர்த்துத்தான் எடுக்கிறாய். என்னுடையதைத் தா என்று கேட்கலாம் என நினைக்கிறாய், அதுவும் நடக்காது.

நேற்றுப் பின்னேரம் அம்மாவுக்கு மறுபடி ஆற்றங்கரையைப் போட்டேன். கமெரா இப்போது வலப்பக்கம் நகர்ந்தது. தம்பியைத் திட்ட போனை எடுத்தேன். பக்கத்தில் இருந்த மருமகன் என் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"மாமா, விரல எடுங்க. இப்ப நீங்கதான் கிறுக்குறீங்க."