காரைக்குடியில் எடுத்த வாடகைக் கார்

11 வருடமாக இங்கிலாந்தில் ஓட்டுகிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது காரைக்குடியில் ஒரு கடையில், நாமே ஓட்டிக்கொள்ளும் கார் ஒன்றை மூன்று நாளுக்கு எடுத்தேன்.

வண்டி சுத்தம், ஏசி அருமை. ஆனால் ஹாரன் விட்டுவிட்டுத்தான் அடித்தது. இங்கிலாந்தில் மாதக்கணக்கில் ஹாரனைத் தொடாமலே ஓட்டிவிடலாம், பிள்ளையார்பட்டி போகும் வழியில் வளைவில் திடீரென்று எதிரே பஸ் வரும்போது அது இல்லாமல் நெஞ்சு பதறிவிட்டது. போன் செய்ததும் ஆள் அனுப்பி மாற்றிக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை.

இரண்டு நாட்டிலும் இடதுபக்கம்தான் என்பதால் கை தடுமாறவில்லை. அங்கே மோட்டார்வேயில் மணிக்கு 70 மைல் போகலாம், ஆனால் லண்டனைச் சுற்றும் எம்25இல் சாயங்காலம் மாட்டினால் ஊர்ந்துதான் போகவேண்டும். கானாடுகாத்தான் பக்கம் கண்ணாடியை இறக்கிவிட்டு, செட்டியார் வீடுகளைப் பார்த்தபடி மெதுவாகப் போன சுகம் அங்கே எனக்குக் கிடைத்ததில்லை. அடுத்த முறையும் இதே கடைதான்.