சென்னையில் வாடகை வீல்சேர்: பெல்ட்டைப் பார்த்து எடுங்கள்

விடுமுறைக்கு ஊர் வந்து, அப்பா அம்மாவை வெளியே கூட்டிப்போக வீல்சேர் தேடினால் சென்னையில் வாடகைக்குச் சுலபமாகவே கிடைக்கிறது. வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள். பார்த்தவரை பிரேக், டயர், கால்பலகையில் குறையில்லை. பெல்ட்தான் பல நாற்காலிகளில் இல்லை. இருந்தாலும் முதுகுத் துணியோடு சேர்த்து வயிற்று உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இருக்கையும் முதுகுச் சாய்மானமும் சேரும் மூலையில், சட்டக் குழாயில் போல்ட் போட்டு பெல்ட்டை இறுக்கியிருக்க வேண்டும். அங்கிருந்து வந்தால்தான் பட்டை இருக்கைக்கு 45 முதல் 60 டிகிரி சாய்வில், தொடை மடிப்பை ஒட்டி இடுப்பெலும்பில் படியும். வயிற்றில் கிடக்கும் பெல்ட் ஆளைப் பிடிக்காது. உட்கார்ந்தவர் முன்னால் சரியச் சரிய அது நெஞ்சுக்கும் கழுத்துக்கும் ஏறும். மூச்சு முட்டி உயிரே போகலாம்.

மாட்டும்போது முதலில் பிரேக். அடுத்து, பின்புறம் சாய்மானத்தைத் தொடும்வரை நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார வையுங்கள். இதை விட்டுவிட்டு எவ்வளவு இறுக்கினாலும் வீண். புடவைக் கொசுவம், வேட்டி மடிப்பு பட்டைக்கடியில் திரண்டிருந்தால் நீவிவிட்டு பக்கிளைப் பூட்டுங்கள். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் தட்டையாக நுழையலாம். உள்ளங்கையே நுழைந்தால் தளர்வு. மிச்ச நுனியைச் செருகுங்கள், தொங்கினால் சக்கரக் கம்பியில் சுற்றிக்கொள்ளும். சாய்தளம் ஏறி இறங்கியதும், மேடுபள்ள நடைபாதையைக் கடந்ததும் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

வெல்க்ரோ பெல்ட் என்றால் மெரினா மணலும் துணிப் பஞ்சும் ஏறிப் பிடிப்பு போய்விடும். பல் தேய்க்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். பெல்ட் இல்லையே என்று துண்டால் கட்டுவது வேண்டவே வேண்டாம். அவசரத்தில் முடிச்சு அவிழாது. எழுந்து போகத் துடிக்கும் பெரியவரை அடக்கி வைக்கவும் பெல்ட்டைப் பயன்படுத்தாதீர்கள். திமிறும்போதுதான் கீழே வழுகுவார்கள்.

வண்டியில் போகும்போது இந்த பெல்ட் போதாது. கால் டாக்சியில் கார் சீட்டுக்கு மாற்றி, கார் பெல்ட்டைப் போட்டு, நாற்காலியை மடித்து டிக்கியில் வையுங்கள். வீல்சேரோடு ஏற்றும் வேன் என்றால் பதிவு செய்யும்போதே இரண்டைக் கேளுங்கள்: நாற்காலிச் சட்டத்தை நான்கு மூலையிலும் தரையோடு இழுத்துக் கட்டும் பட்டைகள் உண்டா, உட்காருபவருக்குத் தனியாகத் தோள்-இடுப்பு பெல்ட் உண்டா. நாற்காலி முன்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். பட்டையைச் சக்கரத்திலோ கால்பலகையிலோ மாட்ட வந்தால் தடுத்துவிடுங்கள், பிரேக் அடித்ததும் அவை கழன்று வந்துவிடும்.